தீபாவளிக்கு முன் சென்னைக்கு: பினாங்கிலிருந்து புளூடூத் ஸ்பீக்கர் ஏற்றுமதி செய்யும் முறை

மலேசியாவின் மொத்த ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 விழுக்காடு மின்சார, மின்னணுப் பொருள்கள். பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது முதல் பினாங்கு அந்தத் தொழிலின் தலைவாசலாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பங்கு சிப்புகளும் அவற்றைச் சார்ந்தவையும்தான். அவற்றை அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்குச் சுங்கப் பிரிவு, சட்டப் பிரிவு எல்லாம் தனித்தனியாக உண்டு. பிறையிலோ ஜுருவிலோ இருபது முப்பது பேரை வைத்து ஸ்பீக்கர், சார்ஜர், விளக்கு என்று பூட்டிப் பெட்டியிலடைக்கும் சிறு நிறுவனத்துக்கும், அவர்களிடம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வணிகருக்கும் அந்த வசதி இல்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

பொதுப்படையாகச் சொன்னால் எதுவும் கைக்கு வராது. எனவே ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். பிறையில் பூட்டிய கையடக்க புளூடூத் ஸ்பீக்கர், சுமார் 2,000 எண்ணிக்கை, பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு, தீபாவளி விற்பனைக்கு. இந்தச் சரக்கு சிக்கினால் பெரும்பாலும் துறைமுகத்தில்தான் சிக்கும். ஆனால் சிக்குவதற்கான காரணம் பல மாதங்களுக்கு முன், பொருளில் என்னென்ன வசதி வைப்பது என்று முடிவெடுத்த மேசையிலேயே விழுந்திருக்கும். அதனால் ஏற்றுமதி வேலையை அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள்.

நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். சென்னை மொத்த வியாபாரி கடைகளுக்குச் சரக்கைப் பிரித்துக்கொடுக்க ஆறேழு வாரம் கேட்பார். ஆகவே ஆகஸ்டு முடிவுக்குள் சரக்கு அவர் கிடங்கில் இருக்க வேண்டும், ஆகஸ்டு முதல் வாரம் கப்பல் ஏற வேண்டும், ஜூலையில் உற்பத்தி முடிய வேண்டும். இந்தியச் சான்றிதழ்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்கினால், மாதிரிப் பொருள் மார்ச் கடைசிக்குள் முழுமையாகத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சீனப் புத்தாண்டு வந்துபோகும். உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் இரண்டு மூன்று வாரம் மூடிக்கிடக்கும், திறந்த பிறகும் பழைய வேகத்துக்கு வர நாளாகும். சர்க்கியூட் போர்டுக்கான ஆர்டரைப் புத்தாண்டுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

இந்த வரிசையில் ஒரு மாதம் நழுவினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். ஸ்பீக்கர் கனமான பொருள். காந்தமும் பேட்டரியும் சேர்ந்து எடை ஏறும், விமானக் கட்டணம் லாபத்தை மொத்தமாகத் தின்றுவிடும்.

எந்த வசதியை விடுவது

முதல் கேள்வி எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தி வரி விதிக்கப் பயன்படுத்தும் எண். ஒரே பெட்டிக்குள் ஒரு ஒலிபெருக்கி இருந்தால் 8518.21, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 8518.22. புளூடூத் இருப்பதால் இது மாறாது. ஆனால் எஃப்எம் ரேடியோவைச் சேர்த்துவிட்டால், பொருள் வானொலிப் பெட்டிக்கான 8527இல் வருமா, ஸ்பீக்கராகவே 8518இல் இருக்குமா என்ற வாக்குவாதம் எழும். இந்தியாவில் இது நீதிமன்றம் வரை போன விவகாரம். எஃப்எம்முக்குச் செலவு மிகக் குறைவு, பெட்டியில் அச்சடித்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். இருந்தாலும் முதல் சரக்கில் அதைத் தவிர்த்துவிடுங்கள். கஸ்டம்ஸ் அதிகாரி குறியீட்டை மாற்றினால் வரி மாறும், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் பொருந்தாது, சரக்கு கிடங்கில் நிற்கும்.

எச்எஸ் குறியீட்டின் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. அதற்குப் பின் வருபவை அந்தந்த நாட்டுக்குரியவை. மலேசிய ஏஜெண்ட் போடும் முழுக் குறியீட்டை அப்படியே சென்னைக்கு அனுப்பாமல், 6 இலக்கம் வரை இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று இறக்குமதியாளரின் கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சார்ஜர். பெட்டிக்குள் சுவர் அடாப்டர் வைத்தால் அதற்குத் தனியாக இந்தியப் பதிவு வேண்டும். 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகும் ஸ்பீக்கருக்கு யூஎஸ்பி-சி கேபிள் மட்டும் போதும், அடாப்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பெட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டால் ஒரு சோதனை, ஒரு பதிவு, கொஞ்சம் எடை எல்லாம் குறையும். இணைப்புத் துளை யூஎஸ்பி-சி ஆகவே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசி, ஹெட்போன், கையடக்க ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதல் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. மைக்ரோ யூஎஸ்பி துளை கொண்ட பழைய கூட்டு அச்சை வைத்துக்கொண்டு நாளை ஐரோப்பாவுக்குப் போக முடியாது.

இந்தியச் சான்றிதழ்கள்

இந்தியாவின் மின்னணுப் பொருள் கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது, 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புளூடூத் ஸ்பீக்கர் பின்னால் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியத் தரநிலை அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவெண் இல்லாமல் வரும் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்துறை அதைப் பயன்படாதபடி உடைத்துக் கழிவாக்கலாம். அபராதம் கட்டி வெளியே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

பதிவு தொழிற்சாலைக்குக் கொடுக்கப்படுகிறது. பிராண்டின் சொந்தக்காரர் நீங்களாக இருந்தாலும், பூட்டும் இடத்தின் முகவரிதான் பதிவில் இருக்கும். பிறையில் ஒரு பட்டறையில் பதிவு வாங்கிவிட்டு, அவசரத்துக்குப் பாதி ஆர்டரை சுங்கை பட்டாணியில் இன்னொரு பட்டறையில் பூட்டினால், அந்தப் பாதிக்குப் பதிவு கிடையாது.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் லித்தியம் செல்லுக்கும் தனிப் பதிவு தேவை, அதன் தரநிலை ஐஎஸ் 16046. நீங்கள் செல் தயாரிப்பவர் இல்லை, அதனால் ஏற்கெனவே பதிவு பெற்ற செல்லைத் தேடி வாங்குவதே வழி. விற்பவர் தரும் பதிவெண்ணை பிஐஎஸ் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். மாடல் எண்ணில் ஒரு எழுத்து வேறுபட்டாலும் அது வேறு செல்.

வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு இந்தியாவில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி வேண்டும். பெரும்பாலும் இறக்குமதியாளரே அந்தப் பொறுப்பை ஏற்க முன்வருவார். முதலில் சுலபமாகத் தெரியும். நாளை வேறொரு வியாபாரிக்கு விற்க நினைக்கும்போது பழையவர் கையில் குடுமி இருக்கும். செலவு கொஞ்சம் கூடினாலும் வியாபாரத் தொடர்பில்லாத பிரதிநிதியை நியமியுங்கள்.

சோதனை, பிஐஎஸ் அங்கீகரித்த இந்திய ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். அறிக்கை கிடைத்து 90 நாளுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். ஆவணம் தேடிக்கொண்டிருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டால் சோதனையை முதலிலிருந்து தொடங்க நேரும். புளூடூத் ரேடியோ அலை வெளியிடுவதால் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிலிருந்து ஈடிஏ எனும் ரேடியோ கருவி ஒப்புதலும் வேண்டும். நம் நாட்டுத் தரச் சான்றிதழ் நிறுவனமான சிரிம் கொடுத்த சான்றிதழ் அங்கே இதற்கு ஈடாகாது.

பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும், எண்ணிக்கை, தோற்ற நாடு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இதைப் பிறையிலேயே அச்சடித்து ஒட்டிவிடுங்கள். சென்னைக் கிடங்கில் ஆள் வைத்து ஒட்டினால் கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறும்.

பேட்டரி: அதிகம் தவறு நடக்கும் இடம்

நம் ஸ்பீக்கரில் 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இரண்டு செல்கள் இணையாகப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 3.7 வோல்ட் பெருக்கல் 4 ஆம்பியர் மணி என்றால் 14.8 வாட்-மணி. ஒரு செல் 7.4 வாட்-மணி. செல்லுக்கு 20, பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற எல்லைக்குள் இருப்பதால் இதற்குச் சலுகை விதிகள் பொருந்தும். இந்த வாட்-மணி எண் பேட்டரியின் உறையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் 14.8, சோதனை அறிக்கையில் 14.4, இன்வாய்ஸில் வெறும் மில்லி ஆம்பியர் மட்டும் என்றிருந்தால் ஆபத்துப்பொருள் சரிபார்ப்பவர் சரக்கை ஒதுக்கி வைப்பார்.

ஆபத்துப்பொருள்களுக்கு ஐநா தரும் வகை எண்களில், பொருளுக்குள் பூட்டிய லித்தியம் அயன் பேட்டரிக்கு யூஎன் 3481, தனியாகப் போகும் பேட்டரிக்கு யூஎன் 3480. பவர் பேங்க் ஒரு சாதனம் போலத் தெரிந்தாலும் விதிப்படி அது தனி பேட்டரிதான், 3480. ஸ்பீக்கரோடு பவர் பேங்க்கையும் ஒரே பெட்டியில் பண்டிகைப் பரிசாகப் போட்டால் மொத்தச் சரக்கின் நிலையும் மாறிவிடும். தனியாகப் போகும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் சார்ஜ் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பரிசுப் பெட்டி யோசனையைக் கைவிடுங்கள்.

செல் விற்பவரிடமிருந்து யூஎன் 38.3 எனும் போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கம் வாங்க வேண்டும். உயரம், வெப்பம், அதிர்வு, மோதல், வெளிக் குறுக்கிணைப்பு, நசுக்கல், அதிக சார்ஜ், கட்டாய டிஸ்சார்ஜ் என்று எட்டுச் சோதனைகள். இந்தச் சுருக்கத்தைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியது 2020 ஜனவரி முதல் கட்டாயம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. செல்லுக்கு மட்டும் சுருக்கம் இருந்தால் போதாது. இரண்டு செல்லைச் சேர்த்துப் பாதுகாப்பு சர்க்கியூட் பூட்டி நீங்கள் ஒரு பேட்டரிப் பொதி செய்திருந்தால், அந்தப் பொதிக்கும் சோதனை வேண்டும். சிறு பட்டறைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அட்டைப்பெட்டியின் மேல் லித்தியம் பேட்டரிக் குறி ஒட்ட வேண்டும். சிவப்புக் கோடுபோட்ட விளிம்பு, உள்ளே யூஎன் 3481, அளவு 100 மில்லிமீட்டருக்கு 100. பெட்டி சிறியதாக இருந்தால் 100க்கு 70 வரை குறைக்கலாம். கறுப்பு வெள்ளையில் அலுவலக பிரிண்டரில் எடுத்து ஒட்டியதை ஏற்க மாட்டார்கள். நெகிழித் தாளைப் பெட்டியைச் சுற்றி இறுக்கும்போது குறி மறையாமல் பாருங்கள். விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், பொதிதல் விதி 967, பிரிவு 2இன்படி லித்தியம் அயன் பேட்டரி உள்ளது என்ற வாசகம் விமானச் சரக்கு ரசீதான ஏர் வேபில்லில் அச்சொட்டாக இருக்க வேண்டும். வார்த்தையை மாற்றி எழுதினால் பாயான் லெப்பாஸ் விமானச் சரக்கு முனையத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

கப்பலில் இந்த அளவுச் சிறு பேட்டரிக்கு முழு ஆபத்துப்பொருள் அறிவிப்பு தேவைப்படாது. ஆனால் பலருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்க்கும் ஏஜெண்டுகளில் சிலர் பேட்டரி என்ற சொல்லைக் கேட்டாலே மறுத்துவிடுவார்கள். இடம் பதியும்போதே சோதனைச் சுருக்கத்தை அனுப்பி, ஏற்கிறோம் என்று மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். பேட்டரியை மறைத்து, ஸ்பீக்கர் என்று மட்டும் சொல்லி ஏற்றுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். கொள்கலன் தீப்பிடித்தால் கப்பலில் இருப்பவர்களின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

மலேசியப் பொருள் என்று நிரூபிப்பது

ஆசியான்–இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தில் சலுகை வரி பெற இரண்டு நிபந்தனை. வெளி உதிரிப்பாகங்களின் குறியீடும் முடிந்த பொருளின் குறியீடும் 6 இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். அதோடு எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், குறைந்தது 35 விழுக்காடு ஆசியான் அல்லது இந்திய மதிப்பாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எஃப்ஓபி விலை ஒன்றுக்கு 60 ரிங்கிட். சீனாவிலிருந்து வந்த போர்டு, செல், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து 36 ரிங்கிட். மீதம் 24, அதாவது 40 விழுக்காடு. தேறிவிட்டது. அதே பாகங்களின் விலை 40 ரிங்கிட்டுக்கு ஏறி, வாங்குபவர் விலையைக் கூட்ட மறுத்தால் மீதம் 20. அது 33.3 விழுக்காடு, சலுகை போயிற்று. நினைவகச் சிப்புகளின் விலை 2025 கடைசியில் ஏறியது போல ஏறும் காலத்தில் இந்தக் கணக்கை ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகப் போட வேண்டும். ஸ்பீக்கரில் நினைவகம் மிகக் குறைவு, ஸ்மார்ட் டிவியிலும் டேப்லெட்டிலும் அப்படியில்லை. நீங்கள் தரும் விலைப்பட்டியலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் செல்லுபடிக் காலம் கொடுக்காதீர்கள். 35 விழுக்காட்டின் விளிம்பில் நிற்பதைவிட, பிளாஸ்டிக் கூடு, அட்டைப்பெட்டி, கேபிள் போன்றவற்றை இங்கேயே வாங்கி விழுக்காட்டை 42, 45 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சீனாவில் முழுக்கப் பூட்டி வந்ததைப் பிறையில் பெட்டி மாற்றி, லேபிள் ஒட்டினால் அது மலேசியப் பொருள் ஆகாது. எல்லா ஒப்பந்தத்திலும் இத்தகைய சிறு வேலைகளுக்குத் தோற்றம் கிடையாது. இந்தியா 2020 செப்டம்பர் முதல் இறக்குமதியாளரிடமே உற்பத்தி விவரங்களைக் கேட்கிறது. சந்தேகம் வந்தால் இங்குள்ள அமைச்சுக்கு எழுதிக் கேட்கும். அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கான சாதாரணத் தோற்றச் சான்றிதழை 2025 மே 6 முதல் நம் முதலீட்டு, வாணிப, தொழில்துறை அமைச்சான மித்தி மட்டுமே வழங்குகிறது. முத்திரை மாற்றி அனுப்பும் சரக்கைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

சான்றிதழ் விண்ணப்பத்துக்கு முன் மித்தியிடம் செலவுப் பகுப்பாய்வு ஒப்புதல் வாங்க வேண்டும். பாகம் வாரியாக விலை, வாங்கிய நாடு, குறியீடு, கூலி, மேல்செலவு எல்லாம் அதில் வரும். நீங்கள் வணிகராக மட்டும் இருந்தால் இந்தத் தகவலைத் தொழிற்சாலைதான் தர வேண்டும். அடக்க விலையை உங்களிடம் காட்டத் தயங்குவார்கள், அது இயல்பு. ஆர்டர் ஒப்பந்தத்திலேயே, அவர்கள் நேரடியாக மித்திக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2,000 வேண்டாம், 1,920 அனுப்புங்கள்

ஸ்பீக்கரின் வண்ணப் பெட்டி 22 × 11 × 11 சென்டிமீட்டர். ஓர் அட்டைப்பெட்டிக்கு 20 அடுக்கினால் வெளி அளவு 46 × 57 × 24, எடை சுமார் 17 கிலோ. ஓர் ஆள் தனியாகத் தூக்கலாம். 120 × 100 பேலட்டில் ஒரு வரிசைக்கு 4 பெட்டி, 6 வரிசை, மொத்தம் 24 பெட்டி, உயரம் பேலட்டோடு சேர்த்து ஏறக்குறைய 160 சென்டிமீட்டர். 2,000 ஸ்பீக்கர் என்றால் 100 பெட்டி. நான்கு பேலட் நிறைந்து நான்கு பெட்டி மிஞ்சும். அந்த நான்குக்காக ஐந்தாவது பேலட், அதற்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி. 1,920 என்றால் 96 பெட்டி, நான்கு பேலட், மிச்சமில்லை.

பெட்டிகளின் கன அளவு மட்டும் 6 கன மீட்டர்தான், பேலட்டோடு 7.6 ஆகிறது. பகிர்வுக் கொள்கலனில் கன மீட்டருக்கோ டன்னுக்கோ எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், ஆக நீங்கள் 7.6க்குக் கொடுப்பீர்கள். 13 முதல் 15 கன மீட்டரை எட்டினால் முழு 20 அடிக் கொள்கலனுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே மலிவு.

மரப் பேலட் என்றால், மரப் பொதிகளில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15இன் முத்திரை கட்டாயம். மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான அடையாளம் அது. கையில் கிடைத்த பழைய பேலட்டைப் போடாதீர்கள். ஒவ்வோர் அட்டைப்பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வையுங்கள். பட்டர்வொர்த் வெயிலில் அடைத்த கொள்கலன் கடலில் இரவில் குளிரும்போது உள்கூரையில் நீர் கோக்கும், அது சொட்டினால் மேல் வரிசைப் பெட்டிகள் ஊறிவிடும்.

அடைப்பதற்கு முன் தரச் சோதனை. எத்தனை மாதிரி எடுப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 1,201 முதல் 3,200 வரையிலான தொகுதிக்குப் பொதுச் சோதனை நிலை இரண்டில் 125 மாதிரி எடுக்க வேண்டும். பெரிய குறைக்கு 2.5 என்ற ஏற்புத் தர அளவுகோலில் (ஏக்யூஎல்) 7 வரை ஏற்கலாம், 8 ஆனால் தொகுதியே நிராகரிப்பு. சிறு குறைக்கு 4.0 அளவுகோலில் 10 வரை. பேட்டரி வீக்கம், சார்ஜ் ஆகும்போது சூடு, பிஐஎஸ் எண் தவறாக அச்சாவது ஆகிய மூன்றுக்கும் பூஜ்யம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதிரியை மேல் வரிசையிலிருந்தே எடுக்காமல் எல்லாப் பேலட்டிலிருந்தும் எடுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியோடு இணைத்து 10 மீட்டர் தள்ளி நின்று, உச்ச ஒலியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். கூட்டில் திருகு தளர்ந்திருந்தால் தாழ்ந்த ஸ்வரத்தில் கரகரப்பு கேட்கும்.

விலையும் பணமும்

எஃப்ஓபி என்று பழக்கத்தில் எழுதுகிறோம், ஆனால் கொள்கலன் சரக்குக்கு அது சரியாகப் பொருந்தாது. நீங்கள் சரக்கை ஏஜெண்ட் கிடங்கில் ஒப்படைத்த பிறகு கப்பல் ஏறும் வரை நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பாக நிற்கும். வாங்குபவர், விற்பவர் பொறுப்புகளைப் பிரிக்கும் சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இன் எஃப்சிஏ போட்டால் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறும். காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த சிஐஎஃப் விலை கேட்டால், அதில் கட்டாயமான காப்பீடு குறைந்தபட்ச சி பிரிவு மட்டுமே. திருட்டுப் போனால் அதில் ஒன்றும் கிடைக்காது. மின்னணுப் பொருளுக்கு விரிவான ஏ பிரிவுதான் எடுக்க வேண்டும்.

முதல் முறை வாங்குபவரிடம் 30 விழுக்காடு முன்பணம், மீதி 70 கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் நகலைக் காட்டியதும் என்பது வழக்கத்திலுள்ள ஏற்பாடு. வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதமான லெட்டர் ஆஃப் கிரெடிட் என்றால், அதற்கான சர்வதேச விதிகளான யூசிபி 600ஐக் கவனியுங்கள். எண்ணிக்கையைத் தனித்தனிப் பொருளாகக் குறிப்பிட்ட கடிதத்தில் 5 விழுக்காடு கூடக் குறைய அனுப்பும் சலுகை கிடையாது. 1,920 என்றால் 1,920. சோதனைக்கு உடைத்த மூன்றைக் கழித்து 1,917 அனுப்பினால் வங்கி மறுக்கலாம். கடிதத்தில் வயர்லெஸ் ஸ்பீக்கர் என்றிருந்தால் இன்வாய்ஸிலும் அதே சொல்லே இருக்கட்டும். கப்பலேறி 21 நாளுக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும்.

பினாங்கு–சென்னை கடல்வழி குறுகியது. வங்கி வழியாக அசல் பில் ஆஃப் லேடிங் போய்ச் சேருமுன் கப்பல் சேர்ந்துவிடும், சரக்கு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கட்டணம். பணம் முழுதும் வந்துவிட்ட வாங்குபவருக்கு, அசல் ரசீது இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிடுங்கள். ஏற்றுமதிப் பணம் கப்பலேறிய ஆறு மாதத்துக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அதனால் நீண்ட கடனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் வங்கியில் பேசுங்கள்.

கே2 பாரமும் துறைமுகமும்

இந்தப் பகுதி ஏஜெண்டின் வேலை, ஆனால் பெயர் உங்களுடையது. ஏற்றுமதிக்கான சுங்க அறிவிப்புப் பாரம் கே2. சுதந்திர மண்டலத்திலிருந்து புறப்படும் சரக்குக்கு வேறு பாரங்கள். அனுப்புமுன் வரைவை வாங்கி நான்கு இடத்தை நீங்களே படியுங்கள்: குறியீடு, தோற்ற நாடு, ரிங்கிட்டில் எஃப்ஓபி மதிப்பு, எடை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், தோற்றச் சான்றிதழ், கே2 நான்கிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். மொத்த எடையையும் நிகர எடையையும் இடம் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. தோற்றச் சான்றிதழை கப்பல் கிளம்பும் வேளையிலேயே வாங்கிவிடுங்கள். தாமதமாக வாங்கினால் பின்னர் வழங்கப்பட்டது என்ற முத்திரையோடு வரும், சென்னையில் கூடுதல் கேள்வி எழும்.

லோரியைக் கப்பலின் ஏற்பு நேரத்துக்கு ஒரு நாள் முன்பே வடக்கு பட்டர்வொர்த் முனையத்துக்கு அனுப்புங்கள். தீவிலிருந்து வரும் சரக்கு பாலத்தில் மாலை நெரிசலில் மாட்டினால் அந்த ஒரு நாள் காப்பாற்றும்.

சென்னைக்கு அப்பால்

இதே ஸ்பீக்கர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ குறி, அபாயப் பொருள் கட்டுப்பாட்டின் பத்துப் பொருள்களுக்கான சோதனை, அங்கே முகவரியுள்ள ஒரு பொறுப்பாளர் ஆகியவை தேவை. கைப்பேசி செயலி வழியாக இணையத்தோடு பேசும் பொருளுக்கு 2025 ஆகஸ்டு 1 முதல் இணையப் பாதுகாப்பு விதியும் பொருந்தும், அதன் தரநிலை ஈஎன் 18031. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து அனுப்பும் வழக்கம் இனி செல்லாது. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டிய பேட்டரி உள்ள கூட்டுக்கு இப்போது புதிய அச்சு செய்வதாக இருந்தால், திருகு வைத்த மூடியாகவே செய்யுங்கள்.

அமெரிக்க வரி விகிதம் 2025இல் பலமுறை மாறியது. ஆர்டர் எடுக்கும் நாளில் ஒருமுறை, கப்பலேறும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். வரி மாறினால் யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். 800 டாலருக்குக் குறைந்த பொட்டலத்துக்கு இருந்த விலக்கும் 2025 ஆகஸ்டு 29இல் நின்றுவிட்டது. இணையக் கடை வழியாக ஒவ்வொன்றாக அனுப்பியவர்கள் விலையைத் திரும்பப் போட வேண்டும்.

பழைய கணினி, கைப்பேசி வாங்கி அனுப்பும் வியாபாரம் லாபமாகத் தோன்றும். 2025 ஜனவரி 1 முதல், நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையின்படி எல்லா மின்கழிவுக்கும் சேரும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். வேலை செய்கிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் சோதனைப் பதிவும் தனித்தனிப் பொதிதலும் இல்லாத சரக்கு கழிவாகவே பார்க்கப்படும். அமெரிக்கத் தோற்றமுள்ள உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளுக்கு 2025 ஜூலை 14 முதல் மலேசியாவிலேயே உத்திசார் வணிக அனுமதி தேவை. சர்வர், கிராஃபிக்ஸ் அட்டை கைமாற்றும் வணிகர்கள் இதைத் தெரியாமல் தொடக் கூடாது.

ஆவணங்கள் முழுவதையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பிரிக்காத இரண்டு ஸ்பீக்கரை வரிசை எண் பட்டியலோடு எடுத்து வையுங்கள். சென்னையிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை என்று புகார் வரும்போது, எந்தப் பெட்டி, எந்தச் செல் தொகுதி என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியும். அப்போது 1,920ஐயும் திரும்ப எடுக்காமல் அந்தச் சில பெட்டிகளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.